முதலில் தொகை, பிறகே கையொப்பம்!

பெரிய கணிப்பொறி ஒன்றைப் பல சிறு கணினிகளாகப் பகுத்து வாடகைக்கு விடும் ஏற்பாட்டைத்தான் 'கிளவுட்' என்கிறோம். அவ்வாறு பகுக்கப்பட்ட ஒவ்வொன்றும் ஒரு மெய்நிகர் கணினி. வணிக நிறுவனங்கள் முதல் 'மேகராஜ்' திட்டத்தின்கீழ் இயங்கும் அரசுத் துறைகள் வரை பலரும் இன்று இந்த வாடகைக் குடியிருப்பில்தான் இருக்கின்றனர். வீட்டு உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே அங்கு நிலவும் ஓர் ஒப்பந்தம், பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என் கவனத்தை ஈர்த்தது.

மெய்நிகர் கணினிக்கெனத் தனி வட்டோ, வலையமைப்பு அட்டையோ இருப்பதில்லை. பெரும்பாலும் அடியிலுள்ள பெரிய கணிப்பொறியின் மென்பொருள்தான் அவை இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. இருவருக்கும் பொதுவாக ஒரு நினைவகப் பகுதி உண்டு. குடியிருப்பவரின் 'டிரைவர்' எனப்படும் இயக்கி மென்பொருள், தன் தேவையை அதில் எழுதி வைக்கும். உரிமையாளர் அதை நிறைவேற்றிவிட்டு, 'இன்டரப்ட்' எனும் குறுக்கீட்டின் மூலம் மணியடிப்பார். லினக்ஸுக்காக 'விர்ட்ஐஓ' என்ற பெயரில் இம்முறையை வடிவமைத்த ஆஸ்திரேலியர் ரஸ்டி ரஸ்ஸல், 2008-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று அது ஒரு பொதுத் தரம்.

இந்த ஒப்பந்தத்தின் உயிர்நாடி வரிசைமுறை. காசோலையில் முதலில் தொகையை எழுதி, பிறகு கையொப்பமிடுகிறோம். இயக்கியும் அப்படித்தான் முதலில் வேலையின் விவரத்தை எழுதி, பிறகு 'புதிய வேலை உள்ளது' என்று எண்ணை உயர்த்துகிறது. ஆனால், இன்றைய பிராசஸர்கள் வேகத்துக்காக இந்த முன்பின் வரிசையை மாற்றிக்கொள்ளும். தனித்து வேலை செய்யும்போது இதனால் தீங்கில்லை. அதே நினைவகத்தை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தால், தொகை எழுதப்படாத காசோலையில் கையொப்பம் மட்டும் அவர் கண்ணில் படும். ஒவ்வொரு பிராசஸரும் தன்னளவில் சரியாக நடந்துகொண்டாலும் கூட்டு வேலை தவறாக முடியலாம் என்பதை லெஸ்லி லாம்போர்ட் 1979-லேயே சுட்டிக்காட்டினார்.

'இதற்கு முன் எழுதியவை தெரிந்த பிறகே பின்னால் எழுதுபவை தெரிய வேண்டும்' என்று ஆணையிடும் நினைவகத் தடுப்புகளே இதற்குத் தீர்வு. ஆனால் ஒவ்வொரு தடுப்பும் வேகத்தைக் குறைக்கும். எல்லா இடத்திலும் வைக்க இயலாது. தடுப்பை விட்டுவிட்ட நிரல், எழுதும் வரிசையைப் பெரும்பாலும் காக்கும் இன்டெல் வகை பிராசஸர்களில் ஆண்டுக்கணக்கில் ஓடிவிட்டு, அந்த உறுதியைத் தராத ஏஆர்எம் வகையில் பிழைபடலாம். அமேசான் 2018-இல் தன் கிளவுடில் ஏஆர்எம் பிராசஸர்களை அறிமுகப்படுத்திய பின் இது ஏட்டளவிலான கவலை அன்று.

இன்டெல் வகையிலும் ஓர் ஆபத்து உண்டு. உரிமையாளர் ஓய்வெடுக்கும் முன் 'மணி அடிக்க வேண்டாம்' என்ற பலகையை அகற்றிவிட்டு, வேலை வந்துள்ளதா என்று பார்க்கிறார். குடியிருப்பவர் வேலையை வைத்துவிட்டு, பலகை உள்ளதா என்று பார்க்கிறார். இருவரும் எழுதுவதற்கு முன்பே பார்த்துவிட்டால், அவருக்கு வேலை தெரியாது. இவருக்குப் பழைய பலகை தெரியும். இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்துக்கிடப்பர்.

குறுக்கீட்டிலும் இதே நியாயம்தான். இயக்கி தன் ஏடுகளை ஆயத்தம் செய்யும் முன் மணி ஒலித்தால், வெற்று ஏட்டைப் புரட்டிக் கணினியே நிலைகுலையலாம். மூடும்போதும் மணிக்குப் பதிலளித்துக்கொண்டிருப்பவர் வேலையை முடிக்கும் வரை காத்திருந்து, பிறகே ஏடுகளை அகற்ற வேண்டும்.

முன்பு உரிமையாளர் நல்லவர் என்பது எடுகோள். இன்று இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் புதிய தொழில்நுட்பங்கள், உரிமையாளரே எட்டிப் பார்க்க முடியாத மெய்நிகர் கணினிகளைத் தருகின்றன. உரிமையாளரை நம்பாத அமைப்பில், அவர் வேண்டுமென்றே அகாலத்தில் மணியடிப்பார் என்பதையும் கருதித்தானே ஆக வேண்டும்?

2022 ஜூலையில் வெளியான லினக்ஸ் 5.19 பதிப்பில், ஆயத்தமாகும் முன் வரும் குறுக்கீடுகளைப் புறக்கணிக்கும் ஏற்பாடு விர்ட்ஐஓ-வில் சேர்க்கப்பட்டது. ஆனால், 'நான் தயார்' என்று முறைப்படி அறிவிக்கும் முன்பே சாதனத்தைப் பயன்படுத்தும் இயக்கிகள் சில இருந்தன. அவை பழுதுபடும் என்பதால் அந்தப் பாதுகாப்பு இயல்புநிலையில் முடக்கியே வைக்கப்பட்டது. பழைய வழக்கம் புதிய சீர்திருத்தத்தைத் தடுப்பது பொருளாதார வரலாற்றில் நாம் பலமுறை கண்டதுதான்.

இத்தகைய பிழைகள் அரிதாகவே தலைகாட்டும்; தேடும்போது மறைந்துவிடும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேரை இருளில் ஆழ்த்திய மின்தடைக்கான காரணங்களுள் ஒன்று, எச்சரிக்கை மென்பொருளில் ஒளிந்திருந்த வரிசைப் பிழை. அது மெய்நிகர் இயக்கி அன்று; ஆனால் பிழையின் குணம் ஒன்றே.

அரசும் வங்கிகளும் கிளவுட் சேவைக்கு ஒப்பந்தம் செய்யும்போது விலையையும் வேகத்தையும் மட்டும் பார்த்தால் போதாது. இயக்கிகள் பலவகைப் பிராசஸர்களில் சோதிக்கப்பட்டனவா, அகாலக் குறுக்கீட்டைத் தாங்குமா என்றும் கேட்க வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளும் வரிசைமுறையைத் தேர்வுக்கான ஒரு பாடமாக மட்டுமன்றி, பொறியாளரின் அடிப்படைக் கடமையாகவும் கற்பிக்க வேண்டும். எழுதி வைக்கப்படாத நம்பிக்கை எந்த ஒப்பந்தத்தையும் நெடுநாள் காக்காது.