நெல்வயலில் விளைந்த இசை

காவிரி பாயும் சோழவளநாடு நெல்லோடு இசையையும் விளைவித்த மண். திருவாரூர் தந்த மும்மூர்த்திகளின் கீர்த்தனைகள் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும் அமைந்தவை. 19ஆம் நூற்றாண்டில் மாயூரம் பகுதியில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரோ, நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைத் தமிழில் இயற்றினார். அதன் சிறப்பைச் சிறிது காண்போம்.

பெரியபுராணத்தில் நந்தனாரைத் தடுக்கும் பண்ணையார் இல்லை. வேதியர் என்னும் அப்பாத்திரம் பாரதியாரின் படைப்பு. தில்லைக்குச் செல்ல விடைகேட்கும் நந்தனாரிடம், 40 வேலி நிலத்தையும் (ஏறத்தாழ 265 ஏக்கர்) பயிரிட்டு அறுத்துவிட்டுப் போகுமாறு அவர் பணிக்கிறார். இறையருளால் ஓரிரவிலேயே நெல் விளைந்து முற்றுகிறது. இவ்வாறு அடியார் வரலாறு, படுகைப் பண்ணையாளின் வாழ்வைச் சொல்லும் கதையும் ஆயிற்று. இறைவேட்கைக்கும் ஏவலுக்கும் இடைப்பட்ட துயரமே இவ்விசையின் உயிர்.

இலக்கணப் பிழை கண்டு சிறப்புப்பாயிரம் அளிக்கத் தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாரதியார் பாடக்கேட்டு உள்ளம் உருகி அதனை வழங்கினார் என்பது உ.வே.சாமிநாதையர் தரும் செய்தி.

நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக் கோயிலுள் புகுகிறார். அத்தீ ஏன் வேண்டியிருந்தது? கச்சேரிகளில் இப்பாடல்களைக் கேட்டு உருகும் நாம், எச்சமயத்தவராயினும், இவ்வினாவையும் எழுப்பக் கடமைப்பட்டுள்ளோம்.