தீட்டா சார்புகளைப் பயில வேண்டும் அடிப்படைகள்

தீட்டா சார்புகள் என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே, அவை ஆராய்ச்சியாளர்க்கே உரியவை எனப் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். இராமானுசன் 1920 சனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அறிவித்த 'போலித் தீட்டா சார்புகள்' பற்றிக் கேள்வியுற்ற மாணவர் சிலரோ, நேரே அவற்றில் புகுந்து விரைவில் சோர்வடைகின்றனர். எதனை முன்னும் எதனைப் பின்னும் கற்பது என்னும் முறை புலப்படாமையே இரண்டிற்கும் காரணம். அம்முறையை ஆசிரியர் அறிந்திருப்பின், ஆர்வமுள்ள மாணவனுக்கு அது பெருந்துணையாகும்.

முதற்படி: முடிவிலாத் தொடர்

க என்பது 1-ஐவிடச் சிறிய மிகை எண் என்க.

1 + 2க + 2க⁴ + 2க⁹ + 2க¹⁶ + …

என்பதே எளிய தீட்டா தொடராகும். இதில் அடுக்குகள் யாவும் வர்க்க எண்கள். 3-இன் வர்க்கமும் −3-இன் வர்க்கமும் 9 ஆதலின், ஒவ்வோர் உறுப்பும் இருமுறை வருகின்றது. இத்தொடர் குவியும் என்பதைப் பெருக்குத் தொடரோடு ஒப்பிட்டே நிறுவலாம்.

இரண்டாம் படி: எண்ணியல்

இத்தொடரைத் தன்னாலேயே பெருக்கினால் க⁵-இன் கெழு 8 ஆகும். 5-ஐ இரு முழுவெண்களின் வர்க்கங்களாகப் பிரிக்கும் வழிகள், குறியையும் வரிசையையும் கருதினால், எட்டே. நான்காம் அடுக்கிற்கு உயர்த்தினால், நான்கு வர்க்கங்களாகப் பிரிக்கும் வழிகள் கிட்டும். யாக்கோபியின் தேற்றப்படி, ஓர் எண்ணின் வகுஎண்களுள் 4-ஆல் வகுபடாதவற்றைக் கூட்டி 8-ஆல் பெருக்கினால் அத்தொகை வரும். 7-க்கு 8 × (1 + 7) = 64. இதை வகுப்பிலேயே எழுதிச் சரிபார்க்கலாம்.

மூன்றாம் படி: ஃபூரியே தொடர்

க-வின் மதிப்பு 1-ஐ நெருங்கும்போது தொடர் மெல்லவே குவியும். க-வை, இயல் மடக்கையின் அடிமானத்தை 'எதிர்ப் பை த' என்னும் அடுக்கிற்கு உயர்த்திய மதிப்பாக எழுதுவோம். த = 1/100 எனின், ஐந்து தசமத்தானங்கள் சரியாக அமைய ஏறத்தாழ 20 உறுப்புகளைக் கூட்ட வேண்டும். ஆனால் ஃபூரியே தொடர்வழி நிறுவப்படும் விதியொன்று, இம்மதிப்பு த = 100-க்குரிய மதிப்பின் பத்து மடங்கு என உரைக்கின்றது. பின்னதன் முதல் உறுப்பாகிய 1 ஒன்றே போதும்; விடை 10, நூறு தசமத்தானங்களுக்கு மேலும் பிழையின்றி அமைகின்றது. வளையக் கம்பியில் வெப்பம் பரவும் முறையை விளக்குவதும் இச்சார்பே.

நான்காம் படி: கலப்பெண் சார்புகள்

யாக்கோபி 1829-இல் வெளியிட்ட நூலில் வளர்த்த நீள்வட்டச் சார்புகளை அறிய, கலப்பெண் மாறியின் பகுமுறைச் சார்புகள் வேண்டும். இரு திசைகளில் மீள்வரும் சார்பு, எங்கும் முடிவிலியாகாதாயின், மாறிலியே என்னும் உண்மையால் பல முற்றொருமைகள் எளிதில் நிறுவப்படுகின்றன. இந்நிலையில் விட்டேக்கர், வாட்சன் இருவரின் பகுப்பாய்வு நூலில் 21-ஆம் இயலைப் பயிலலாம்.

போலித் தீட்டா சார்புகள் இவற்றிற்கும் அப்பாற்பட்டவை; அவற்றின் உண்மை இயல்பு 2002-இல் ஸ்வெகர்ஸ் அளித்த ஆய்வேட்டினாலேயே தெளிவாயிற்று. ஆயினும் முதலிரு படிகளுக்கு உயர்நிலைப்பள்ளிக் கணிதத்திற்கு மேல் மிகுதியாக ஒன்றும் வேண்டுவதில்லை. வர்க்க எண்களின் பட்டியலும் பொறுமையும் உள்ள மாணவனை ஆசிரியர் இன்றே அவ்வழியில் செலுத்தலாம்.