ஏழையின் புத்திக்கு என்ன குறை?

"கையில் காசு வந்தால் கரைத்துவிடுவான், நாளையை நினைக்கமாட்டான், வட்டிக்காரனிடம் போய் விழுவான், புத்தியிருந்தால் பிழைத்திருக்கமாட்டானா?"

உழைப்பவனைப் பார்த்து, உண்டு கொழுத்தவர் காலங்காலமாக உதிர்த்துவரும் பொன்மொழி இது! கேட்டுக் கேட்டு, உழைப்பவனும், "நமக்கு அறிவு அவ்வளவுதான்" என்று தலையில் அடித்துக்கொள்கிறான். அதுதான் கொடுமையிலும் கொடுமை!

உண்மையா இது? வறுமைக்குக் காரணம் புத்திக் குறைவா? அல்லது, புத்தி தடுமாறக் காரணம் வறுமையா?

மனிதன் எப்போதும் லாபநட்டக் கணக்குப் பார்த்தே நடப்பான் என்று பொருளாதார ஏடுகள் நெடுநாள் சொல்லிவந்தன. 'அல்ல, அவன் இருக்கும் நிலைமை அவன் முடிவை வளைக்கிறது' என்று மறுத்தது நடத்தைப் பொருளியல் என்னும் துறை. அத்துறையினர் இந்தக் கேள்விக்கு விடைதேடி வந்த இடம் எது தெரியுமா, தோழர்களே? நம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்புக் கொல்லைகள்!

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர், 54 சிற்றூர்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்து, 2013இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டனர். கரும்புக்காரனுக்கு வெட்டுக்கு முன் வறட்சி. வெட்டிப் பணம் வந்த பின் சற்றே செழிப்பு. வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர் பொருளை அடகு வைத்தனர். பின்போ 4 பேர்தான்!

இரு வேளையிலும் அதே விவசாயிக்கு ஒரே வகைப் புதிர்களைக் கொடுத்தனர். எழுத்தறிவு தேவையில்லை, கோலத்தில் விடுபட்ட துண்டு எது என்று காட்டினால் போதும். வறட்சியில் சரியான விடை சராசரி 4.35. பணம் வந்த பின் 5.45.

அதே ஆள்! அதே மூளை! மாறியது மடியின் கனம்!

பருவத்தின் வேலையாக இருக்குமோ? ஆலையின் வெட்டு உத்தரவு ஒருவருக்கு ஒரு மாதத்திலும், பக்கத்து நிலத்துக்காரருக்கு வேறொரு மாதத்திலும் வருவதால், அந்த ஐயத்துக்கும் இடமில்லை.

பத்துப் பேர் ஒரே நேரத்தில் கூச்சலிடும் அறையில் கணக்குப் போடச் சொன்னால், பேராசிரியரும் தப்புவிடுவார். வட்டி, வைத்தியம், பிள்ளையின் படிப்பு, அரிசி என்று ஏழையின் மனத்தில் ஓயாத கூச்சல். அங்கே நாளைக்கு ஏது இடம்?

அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தவர்கள், இத்தகைய அறிவு வேறுபாட்டைக் காணவில்லை என்று 2016இல் எழுதினர். அதை மறைக்க வேண்டியதில்லை. சம்பளத்துக்குச் சில நாள் காத்திருப்பது வேறு. வெட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது வேறு!

மருந்து என்ன? உபதேசமா? கென்யாவில், அறுவடை முடிந்து கையில் பணம் இருக்கும்போதே, வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் ஏற்பாட்டோடு உரத்தை விற்றுப் பார்த்தனர். உரமிட்டோர் தொகை உயர்ந்தது என்று 2011இல் ஆய்வாளர் காட்டினர். விவசாயிக்குப் புதுப் புத்தி புகட்டவில்லை, வேளையைத்தான் மாற்றினர்!

கரும்பு தந்த 14 நாளில் ஆலை பணம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தரவேண்டும் என விதித்தது 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. அந்தப் பணத்தை இழுத்தடிப்பவன் திருடுவது ரூபாயை மட்டுமா? உழவனின் உறக்கத்தை, நிதானத்தை, நாளையைப் பற்றி எண்ணும் ஆற்றலை அல்லவா திருடுகிறான்! தொழிலாளியின் கூலியைத் தள்ளிப்போடும் முதலாளிக்கும் இதே கேள்விதான்.

ஆகவே தோழர்களே, அடகுக் கடை வாசலில் நிற்பவனைக் கண்டால் புத்தி சொல்லாதீர்கள். அவனுக்குச் சேரவேண்டிய பணம் எவனிடம் நிற்கிறது என்று கேளுங்கள்! உரிய கூலி உரிய நாளில் வரட்டும். புத்தி அவனிடமே இருக்கிறது!