அழைப்பு முடிவதற்குள் எழுதிவிடுங்கள்

“பாஸ்வேர்டை நேற்றுத்தான் மாற்றினேன். அதிலிருந்து அக்கவுண்ட் அடிக்கடி லாக் ஆகிறது சார்.” ஐ.டி. ஹெல்ப் டெஸ்க்கில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழகிய புகார். புதிதாகச் சேர்ந்தவர் அன்லாக் செய்து டிக்கெட்டை மூடிவிடுவார். சற்று நேரத்தில் அதே ஊழியர் மறுபடி கூப்பிடுவார். அனுபவம் உள்ளவரோ விண்டோஸ் சர்வரின் பாதுகாப்புப் பதிவுகளில் 4740 என்ற எண்ணைத் தேடுவார். பழைய பாஸ்வேர்டு எந்தக் கணினி வழியாக வந்து மோதுகிறது என்பது அங்கே தெரியும். பல சமயம் காரணம், செல்போனின் மெயில் செயலியில் மாற்றாமல் விட்ட பழைய பாஸ்வேர்டுதான்.

இந்த விவரம் அவர் ஒருவரின் தலைக்குள்ளேயே இருந்தால், அவர் லீவில் போகும் நாளில் மற்றவர்கள் திண்டாட வேண்டும். அதற்காகத்தான் அறிவுக் கட்டுரைகள். 1992 முதல் ‘கன்சார்ட்டியம் ஃபார் சர்வீஸ் இன்னோவேஷன்’ என்ற அமைப்பு வளர்த்துவரும் கே.சி.எஸ். (நாலெட்ஜ்-சென்டர்ட் சர்வீஸ்) முறை இதற்கு வழி சொல்கிறது. சிக்கல், அது நேர்ந்த சூழல், காரணம், தீர்வு என்று சுருக்கமாக எழுத வேண்டும். அதுவும் சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருக்கும்போதே. மாலையில் எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும்.

தலைப்பு, கூப்பிட்டவர் சொன்ன வார்த்தையிலேயே இருக்கட்டும். ‘அங்கீகாரத் தோல்வி’ என்று எழுதிவைத்தால் யாரும் தேடமாட்டார்கள். ‘அக்கவுண்ட் அடிக்கடி லாக் ஆகிறது’ என்றால் உடனே கிடைக்கும். கட்டுரையை எடுத்துப் பயன்படுத்துகிறவர் அதில் பழைய மெனுப் பெயரைக் கண்டால், அங்கேயே திருத்த வேண்டும். அந்த உரிமை இல்லாவிட்டால் குறித்தாவது வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை குழு போட்டுச் சரிபார்ப்பதைவிட இதுவே மேல் என்பேன்.

போனில் பேசுவதற்கான ஸ்கிரிப்ட் வேறு வகை. வணக்கம் சொல்வதையும் ஆறுதல் சொல்வதையும் ஊழியரின் இயல்புக்கே விட்டுவிடலாம். ஆனால், பேசுபவர் யார் என்று உறுதிசெய்யும் கேள்விகளில் ஒன்றைக்கூட விடக்கூடாது. 2023 செப்டம்பரில் எம்.ஜி.எம். ரிசார்ட்ஸ் நிறுவனம் சைபர் தாக்குதலுக்கு உள்ளானபோது, தாக்கியவர்கள் ஊழியர்போல் நடித்து ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் செய்தே உள்ளே நுழைந்ததாகச் செய்திகள் வந்தன. அந்த நிறுவனம் சொன்ன இழப்பு சுமார் 10 கோடி டாலர்.

மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எத்தனை அழைப்பு எடுத்தார் என்று மட்டும் பார்க்காதீர்கள். கட்டுரை எழுதவும் திருத்தவும் ஆகும் நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கில் வையுங்கள்.