விறகாகப் போகும் சாட்சி

வாகைக் கிளை முறிந்து பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் விழுந்துவிட்டது. மரம் வெட்ட வந்த ஒப்பந்ததாரர் பதறிப்போய், கிளையைத் துண்டு போட்டுக் குட்டியானையில் ஏற்றி, தெருவையும் பெருக்கிவிடுகிறார். நல்ல மனசுதான். ஆனால் அவருடைய சாட்சியும் அந்த வண்டியிலேயே விறகுக்கடைக்குப் போய்விடுகிறது.

இழப்பீட்டுப் புகாரில் முக்கியமான கேள்வி, வேலை தெரிந்த ஆள் எடுக்கும் கவனத்தை நீங்கள் எடுத்தீர்களா என்பதுதான். வெளியே பச்சையாக நிற்கும் கிளை உள்ளே பொக்காக இருக்கலாம். கவட்டில் பட்டை உள்மடிந்து பிடிப்பில்லாமல் இருக்கலாம். முறிந்த முகத்தைப் பார்த்தால்தான் அது தெரியும். அந்த இடத்தை ஒரு முழ நீளத்துக்கு அறுத்துத் தனியே வையுங்கள். அடிமரத்தில் காளான் பூத்திருந்தும் ஆளை ஏற்றியிருந்தால், அதே கட்டை உங்களுக்கு எதிராகவும் பேசும். அதற்காக அதை ஒளிக்கக் கூடாது.

1964-ல் டெல்லியில் ஸ்கூட்டரில் போனவர் தலையில் சாலையோர மரக்கிளை விழுந்து அவர் இறந்தார். மரங்களை அவ்வப்போது பார்வையிட்டு ஆபத்தான கிளைகளை வெட்டியிருக்க வேண்டும் என்று மாநகராட்சியைப் பொறுப்பாக்கி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1999-ல். இடையில் 35 வருடம்!

பணம் கொடுத்து வேலை வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு 2 வருடக் கெடு. பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் நுகர்வோர் அல்ல. அவருக்கு உரிமையியல் நீதிமன்றம். உங்கள் கூலியாள் மரத்திலிருந்து விழுந்தால் அது ஊழியர் இழப்பீடு என்ற தனிக்கணக்கு. ஒரே பாலிசி எல்லாவற்றுக்கும் போதும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் நபர் பாலிசி பொதுவாகச் சொந்த ஆளுக்கு உதவாது.

“வருத்தமா இருக்குங்க, உடனே வந்து பார்க்கிறேன்” என்று சொல்லலாம். “என் தப்புதான், முழுசா கட்டித் தர்றேன்” என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிடாதீர்கள். தங்கள் சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்கக் கூடாது என்ற நிபந்தனையைக் காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசியிலேயே எழுதிவைப்பது வழக்கம். அன்றே அவர்களுக்குத் தகவல் கொடுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் இருக்காதீர்கள்.

காப்பீடு இல்லை, போனது இரண்டு ஷீட்தான் என்றால் சண்டை எதற்கு? மாற்றிக் கொடுத்து, கணக்கு முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொள்வதே மேல்.

அடுத்த வேலைக்குப் போகும்போது, ஆள் ஏறுமுன் மரத்தை நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். தேதியும் நேரமும் போனிலேயே பதிவாகிவிடும்.