ஸ்மோக்கி வந்த வார்டு

1944-ஆம் ஆண்டு. உலகப்போர் நடந்துகொண்டிருந்த நியூ கினி தீவு. அங்கே காட்டுக்குள் ஒரு பதுங்குகுழியில் தன்னந்தனியாகக் கிடந்தது ஒரு யார்க்‌ஷயர் டெரியர் நாய். எடை இரண்டு கிலோகூட இருக்காது. யாரோ கண்டெடுக்க, கை மாறி வந்த அதை இரண்டு ஆஸ்திரேலியப் பவுண்டு கொடுத்து வாங்கினார் வில்லியம் வின் என்ற அமெரிக்க வீரர். ஸ்மோக்கி என்று அழைத்தார்.

பிறகு வின்னுக்கு டெங்குக் காய்ச்சல். ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்தவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று நண்பர்கள் ஸ்மோக்கியைத் தூக்கி வந்தார்கள். அதைப் பார்த்த செவிலியர்கள், பியாக் தீவுச் சண்டையில் காயம்பட்டுக் கிடந்தவர்களிடமும் கொண்டுபோனார்கள். இரவு முழுக்க வின்னின் கட்டிலில் தூக்கம். விடிந்ததும் செவிலியரோடு கட்டில் கட்டிலாகச் சுற்று! இதற்கு அனுமதி தந்தவர் டாக்டர் சார்லஸ் மேயோ. புகழ்பெற்ற மேயோ கிளினிக் குடும்பத்துக்காரர்.

கட்டும் வலியுமாகக் கிடப்பவரைப் பார்க்கப் போகிற நாம், "இப்ப எப்படி இருக்கு?" என்று ஆளாளுக்குக் கேட்டுத் துளைத்துவிடுகிறோம். நாய் எதையும் கேட்பதில்லை. ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. நோயாளியின் கை தானாக அதன் முதுகைத் தடவப் போகிறது.

ஆனால் ஒன்று: அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் தையலை நாய் நக்க விடவே கூடாது. அதன் எச்சிலில் உள்ள கிருமிகள் புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கலாம். நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கட்டிலில் ஏற்றிக்கொள்ளலாமா என்பதை மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.