லேசர் சிகிச்சையும் கண்ணீர்க் குறைவும்

கண்ணாடியைத் துறக்க விரும்பி லேசர் சிகிச்சை பெறுவோரில் பலருக்குக் கண் உலர்ந்து, மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது. காரணம் யாது?

கருவிழியை மூடிய ஒளிபுகும் படலத்தில் உணர்ச்சி நரம்புகள் செறிந்துள்ளன. ‘லாசிக்’ முறையில் அதன் மேலேட்டை மடல்போல் அறுத்துத் திருப்பும்போது நரம்பிழைகளும் அறுபடுகின்றன. கண் உலர்ந்த செய்தி மூளைக்குச் சரிவர எட்டாமையால் கண்ணீர் சுரத்தலும் இமைத்தலும் குறைகின்றன. நரம்புகள் மீண்டும் வளர, பெரும்பாலோர்க்கு 6 முதல் 12 மாதங்களில் குறை நீங்கும், சிலர்க்கு நீடிக்கும்.

ஆதலின் சிகிச்சைக்கு முன்பே கண்ணீரை அளத்தல் வேண்டும். ஜெர்மானிய மருத்துவர் ஷிர்மர் 1903-இல் வகுத்த முறை எளியது: கீழிமையில் செருகிய தாள் நாடா 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டரேனும் நனையாவிடில் வறட்சி மிகுதி எனலாம். காண்டாக்ட் லென்ஸ் உறுத்துவதால் சிகிச்சையை நாடுவோர்க்கு இச்சோதனை இன்றியமையாதது. அவ்வுறுத்தலே வறட்சியின் அறிகுறியாயிருக்கலாம்.